நான் கவிழ்த்த சொம்பு

1

என் அண்ணன் ஏழுமலைக்கு மூன்று மாதம் முன்னால் தெவசம். திதி என்றைக்கு என்று ஊரிலிருந்து கடிதம் வந்து சேர்வதற்குள் திதியே போய்விட்டது. இது வருஷா வருஷம் நடப்பதுதான். அம்மா பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். அண்ணி கன்னியம்மா அதை நீல நிற ஏர் லெட்டரில் எழுத வேண்டும். அது திருக்கழுக்குன்றத்தில் தபாலாகி, இங்கிலாந்தின் வடக்கே மழையும் புகையுமாக இருக்கும் இந்த ஊருக்கு வந்து, என் கதவு ஓட்டை வழியாக விழ வேண்டும். செத்தவர்களுக்குத் தாமதம் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கடிதம் வந்த மறுநாளையே திதியாக வைத்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. எள்ளும் தண்ணியும் இறைக்க நான்தான். ஊரில் இருந்தால் மகாபலிபுரம் கடற்கரையில் நின்று இறைத்திருப்பேன். இங்கே சமையலறைத் தொட்டிதான் கடல். இரண்டு தெரு தள்ளி ஒரு சைப்ரஸ்காரர் கடை இருக்கிறது. அங்கே எள் கிடைக்கும், ஆனால் தோல் நீக்கிய வெள்ளை எள். கறுப்பு எள் வேண்டும் என்று கேட்டேன். "இது அதைவிடச் சுத்தம்" என்றார். சுத்தத்துக்காகக் கேட்கவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பாள். வாரத்தில் ஐந்து நாள் நாங்கள் குடும்பம் நடத்துவது வாசற்படியில்தான். அன்றைக்கு வீட்டில் நானும் ஏழு வயது மகள் செல்வியும் மட்டும். உள்ளங்கையில் எள்ளை வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து, விரல் வழியாகத் தண்ணீரை விட்டேன். அவள் நாற்காலியில் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் இப்போது எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் கேட்கிறாள்.

"பெரியப்பாவுக்கு."

அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. என் அண்ணன் என்று விளக்கினேன். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவருக்குத் தாகமா?"

குழாயை மூடிவிட்டேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் தொலைக்காட்சியைப் போட்டுக் கொடுத்தேன். என் பதில் சொல்லும் லட்சணம் அப்படி.

2

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் என் அம்மா வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியோடு ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில். எலிகளுக்குத் தீனி வைப்பேன், கூண்டு கழுவுவேன். அவை செத்த பிறகு அவற்றின் சிறுநீரகத்தை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பேன். அதைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்வது புரொபசரின் வேலை.

இங்கே எல்லாரும் என்னை மிஸ்டர் முனுசாமி என்பார்கள். அது என் அப்பா பெயர். முதல் நாள் கொடுத்த பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். காலியாக விடக் கூடாது என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். செங்கல்பட்டு ரயிலடிக்கு அப்பால் கால் வைக்காத மனுஷன், செத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் தினமும் காலை எட்டரைக்கு இங்கிலாந்தில் ஆஜர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சேகர் என்கிற ஆளை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

எள் இறைத்த அன்று காலையில், திதிக்கு லீவு கேட்கலாம் என்று ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் நல்லவள். துக்க லீவுக்குத் தனிப் பாரம் இருக்கிறது என்று எடுத்து வைத்தாள்.

"யார் இறந்தது?"

"என் அண்ணன்."

"மிகவும் வருந்துகிறேன். எப்போது?"

"எட்டு வருஷம் முன்னால்."

பேனாவின் மூடியைத் திருகிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. உடம்பு சரியில்லாதவனைப் பார்க்கிற பார்வை. நான் திதியை விளக்க ஆரம்பித்து, நிலா, மாதம், பிதிர்கள் என்று எங்கெங்கோ போய், நடுவிலேயே "பரவாயில்லை, நன்றி" என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அண்ணனுக்கு இடம் போதவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பி வந்தால் புரொபசர் காத்துக்கொண்டிருந்தார். வயதான, மெல்லப் பேசுகிற மனுஷர். நாளைக்கு ஒரு புதுச் சோதனை ஆரம்பிக்கிறோம் என்றார்.

"ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூண்டுகளில் தண்ணீர்க் குப்பியை எடுத்துவிடு. பதின்மூன்றிலிருந்து இருபத்துநாலு வரைக்கும் இருக்கட்டும்."

எடுத்தேன். கூண்டின் மேலே தலைகீழாகச் செருகிய சின்னக் கண்ணாடிக் குப்பிகள் அவை. பன்னிரண்டாவதை எடுக்கும்போது அந்த எலி குப்பியின் நுனியை நக்கிக்கொண்டிருந்தது. நான் இழுக்க இழுக்க அது பின்னங்காலில் எழுந்து நின்றது. குப்பி முழுசாக வெளியே வந்த பிறகும் அது ஓட்டையைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தது.

நான் அந்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். காரணம் ஏழுமலை அண்ணன்தான்.

3

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில். அண்ணன் லாரியில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தான். கடலோரம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. வெட்டின கட்டைகளை ஏற்றிக்கொண்டு விறகுக்காக மெட்ராஸுக்குப் போவார்கள். நான் அப்போது மெட்ராஸில் ஒரு கல்லூரி லாபில் வேலை செய்துகொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. படித்தவன் எங்கள் தெருவில் நான் ஒருத்தன்தான். அந்தச் சித்திரையில் லீவுக்கு வந்திருந்தேன்.

கால்வாய்க் கரை ஓரமாக மணல் பாதையில் லாரி வரும்போது ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிட்டது. லாரி அவசரமே இல்லாமல் மெதுவாகச் சாய்ந்ததாம். லோடு மேலே உட்கார்ந்திருந்த நாலு பேரில் மூன்று பேர் இந்தப் பக்கம் குதித்தார்கள். அண்ணன் அந்தப் பக்கம் குதித்தான்.

நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு, எட்டரை இருக்கும். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் லாரியின் பக்கப் பலகை அவன் இரண்டு தொடைகளின் மேலும் படுத்திருந்தது. மணலைத் தோண்டினால் வண்டி இன்னும் சரியும் என்று டிரைவர் அலறினான். இழுக்க வேறு வண்டி வேண்டும், சங்கிலி வேண்டும். ஆள் போயிருந்தது.

அண்ணன் முழு நினைவோடு இருந்தான். ரத்தம் பெரிசாக இல்லை. இடுப்புக்கு மேலே அவன் சாதாரணமாகத்தான் இருந்தான். யாரோ பற்றவைத்துக் கொடுத்த பீடியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா சேகரு, மூஞ்சிய இப்டி வச்சிகினு கீறே? கால்தானே மாட்டிகினு கீது, தலை இல்லியே."

எல்லாரும் சிரித்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கால்தானே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெயில் ஏறியது. பத்து மணிக்குமேல் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"தண்ணி குட்றா சேகரு. நாக்கு ஒட்டிக்கினு கீது."

அம்மாதான் முதலில் சொன்னாள். "அய்யோ, வோணாண்டா. அடிபட்ட ஒடம்புக்குப் பச்சத்தண்ணி ஆவாது, ஜன்னி கண்டுரும்." சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. எங்கள் பக்கத்தில் மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் மாடு முட்டியவனுக்கும் முதலில் செய்கிற உபகாரம் தண்ணீர்ப் பானையை அவன் கண்ணில் படாமல் வைப்பது. ஆனாலும் பெற்றவளுக்கு மனம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ படிச்சவனாச்சே சேகரு. ஒரு மொடக்கு குடுக்கலாமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அதை இதோடு முடிச்சுப் போட்டேன்.

"வோணாம்மா. ஆஸ்பத்திரில ஆப்ரேசன் பண்ண வேண்டி வந்துச்சுன்னா, தண்ணி குடிச்சிருந்தா பேஜாரா பூடும். எடுத்தப்பறம் பாத்துக்கலாம்."

ஊர் சொன்னதற்கு நான் பட்டப்படிப்பின் முத்திரையைக் குத்தினேன். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அண்ணி கன்னியம்மா வந்தது பதினொரு மணிக்குமேல். கலியாணம் ஆகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. களை எடுக்கப் போயிருந்தவள், சேதி கேட்டு வீட்டுக்கு ஓடி, பித்தளைச் சொம்பில் பானைத் தண்ணீரை மொண்டுகொண்டு, சிந்தாமல் அந்த மணலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் ஏன் அது தோன்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் சொம்பைப் பார்த்ததும் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

நான் குறுக்கே போனேன்.

"ஒரு வாய்தான் தம்பி. பாக்க முடியலியே."

"சொன்னா கேளுங்க அண்ணி. கொல்லப் பாக்கறீங்களா?"

சொம்பைத் தட்டிவிட்டேன். தெரியாமல் கை பட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். தட்டித்தான் விட்டேன். தண்ணீர் மணலில் கொட்டி ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. அந்த ஈரம் காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் இரண்டு மணிக்கு, கல்பாக்கம் கட்டட வேலைக்குக் கருங்கல் ஏற்றிப் போன லாரி ஒன்று வந்தது. சங்கிலி மாட்ட எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினோம். அந்த நேரத்தில் அண்ணி சொம்பின் அடியில் மிச்சமிருந்ததில் முந்தானையை நனைத்து அவன் வாயில் பிழிந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

வண்டியைத் தூக்கினார்கள். அண்ணனை இழுத்து வெளியே போட்டோம். "பாத்தியா, ரெண்டும் கீது" என்று தொடையைத் தட்டிக் காட்டினான். டிரைவர் கற்பூரம் ஏற்றினான். நான் மணலில் உட்கார்ந்து ஆனந்தத்தில் அழுதேன். பிழைத்துவிட்டான் என்று நாங்கள் நினைத்த அந்த நிமிஷத்தில்தான் அவன் சாவு அவனுக்குள்ளே ஓட ஆரம்பித்தது. அதை நான் தெரிந்துகொள்ள எட்டு வருஷமும் இருபத்துநாலு எலிகளும் தேவைப்பட்டன.

4

எலும்பு முறியவில்லை என்பதால் வீட்டுக்கே கொண்டுபோனோம். கட்டுப் போடுகிறவர் வந்து பச்சிலை வைத்துக் கட்டினார். வீக்கம் வடிய வேண்டும், தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள் என்றார். சாயங்காலத்துக்குள் இரண்டு தொடைகளும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன.

மறுநாள் காலை அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒன்னுக்குப் போனா டிகாஷன் மாதிரி கருப்பா போறாரு. இன்னான்னு தெரியல."

"சூடு அண்ணி. வெயில்ல கெடந்தாரு இல்ல."

அதையும் படித்தவன்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் டிகாஷனும் நின்றுபோனது. வாந்தி எடுத்தான், முகம் ஊதிவிட்டது. அப்போதுதான் செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எத்தனை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தார், எப்போது எடுத்தீர்கள், அங்கே குடிக்க எவ்வளவு தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு சொட்டுகூடக் கொடுக்கலை சார்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். பாவம், அவரால் முடிந்ததையெல்லாம் செய்தார், மெட்ராஸுக்கு அனுப்ப ஏற்பாடும் செய்துகொண்டிருந்தார். ஆறாம் நாள் மத்தியானம் அண்ணன் போய்விட்டான்.

கருமாதி அன்று பக்கத்து வீட்டு ஆயா வாயைத் திறந்தாள். "நா பாத்தேன். இவதான் முந்தானிய நனைச்சு வாயில வுட்டா." வீடு முழுக்கச் சனம். அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"சொல்லுடா சேகரு. அதனாலயா?"

அண்ணி சுவரோரமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"குடுத்திருக்கக் கூடாது."

அந்த இரண்டு வார்த்தையோடு நான் அடுத்த வருஷம் விமானம் ஏறிவிட்டேன். அண்ணி அதோடு அங்கேயே இருந்தாள். தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று தங்கிவிட்டாள். அவள் வடிக்கிற சோற்றை அம்மா சாப்பிடுவாள். அவள் மொண்டு கொடுக்கிற தண்ணீரை மட்டும் குடிக்க மாட்டாள். முட்டிவலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் தானே மொண்டுகொள்வாள். சோறு எந்தத் தண்ணீரில் வெந்தது என்று நான் கேட்டதில்லை. ஊரில் கலியாணம் என்றால் அண்ணி பந்தியில் சோறு போடலாம், குழம்பு ஊற்றலாம், இலை எடுக்கலாம். தண்ணீர்ச் செம்பை மட்டும் யாராவது வந்து அவள் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். எந்தச் சண்டையும் இல்லாமல் வாங்கிவிடுவார்கள். மூன்று வருஷம் முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது இதை நானே பார்த்தேன். பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

5

குப்பியை எடுத்த மறுநாள் சோதனை நடந்தது. எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, பின்னங்கால் இரண்டையும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினோம். சில மணி நேரம் கழித்து அவிழ்த்தோம். பிறகு நான் காத்திருந்தேன்.

தண்ணீர் இருந்த கூண்டுகளில் பெரும்பாலானவை இரண்டு நாளில் தீனி தின்ன ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் எடுத்த கூண்டுகளில் முதலில் அடியில் பரப்பியிருந்த மரத்தூள் கறுத்தது. எனக்கு அந்த நிறம் தெரியும். அண்ணி சொன்ன டிகாஷன் நிறம். பிறகு மரத்தூள் காய்ந்துபோனது. பிறகு அவை ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வந்தன.

புரொபசரிடம் கேட்டேன். வழக்கமாக நான் எதையும் கேட்பதில்லை என்பதால் அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். ரத்தம் போகாமல் கட்டுண்டு கிடக்கும் தசை உள்ளுக்குள் கெட்டுப்போகிறது, ஆனால் கட்டு இருக்கிறவரை கெட்டது அங்கேயே கிடக்கும் என்றார். அவிழ்த்ததும் ரத்தம் உள்ளே பாய்கிறது, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே வருகிறது. தசைக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற ஒரு புரதம் அதில் இருக்கிறது, அது நேராகச் சிறுநீரகத்துக்குப் போகிறது. சிறுநீரகத்தில் மயிரைவிட மெல்லிய குழாய்கள். தண்ணீர் தாராளமாக ஓடினால் அந்தப் புரதம் கரைந்து போய்விடும். தண்ணீர் இல்லாவிட்டால் வடிகட்டியில் டீத்தூள் அடைத்துக்கொள்வதைப் போல அங்கேயே இறுகிவிடும். அடைப்பு மட்டும்தானா, அந்தப் புரதமே குழாயைக் கெடுக்கிறதா, ரத்தக்குழாய் வேறு சுருங்கிக்கொள்கிறதா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் சண்டையே இல்லை என்றார்.

அவர் சின்ன வயதில் யுத்த காலத்து லண்டனில் டாக்டராக இருந்தவர். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் அடியிலிருந்து ஆட்களை உயிரோடு எடுப்பார்களாம். பேசுவார்கள், சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் செத்துப்போவார்கள்.

"இடிபாட்டை எடுப்பதற்கு முன்னாலேயே குடிக்கக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டோம். முடிந்தால் நரம்பு வழியாகவும் ஏற்ற வேண்டும்."

"பிறகு என்றால் எப்போது?"

"யுத்தம் முடிவதற்குள்ளேயே."

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உலகத்துக்குத் தெரிந்திருந்த ஒன்றை, கால்வாய்க் கரையில் படித்தவன் என்று நின்ற ஒருத்தன் தெரிந்துவைத்திருக்கவில்லை. படிக்காத அண்ணி சொம்போடு வந்தாள்.

"ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கு நடுவில் தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா?"

அவர் என் முகத்தைக் கவனித்துப் பார்த்தார். "உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்திருக்கலாம். கொடுத்தது தப்பாக இருந்திருக்காது" என்றார். பிறகு, "யார் அவர், மிஸ்டர் முனுசாமி?" என்று கேட்டார். என் அப்பா பெயரைச் சொல்லி என் அண்ணனைப் பற்றிக் கேட்டார். கூண்டு கழுவ வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனால் வாசற்படியில் மனைவி, கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டு. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். செல்விக்குத் தமிழில் சொன்னால் புரியாது. இங்கிலீஷில் சொன்னால் அது என் கதையாக இருக்காது.

6

ஏர் லெட்டர் எழுதினேன். அம்மா பெயருக்குத்தான். ஆனால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எட்டு வருஷமாக என் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவது அண்ணிதான். அண்ணி அஞ்சாவது வரை படித்தவள். அவளுடைய குற்றம் தீர்ந்த சேதியை அவள் வாயாலேயே அம்மாவுக்குப் படிக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். நேராக அவளுக்கு எழுதி மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாததற்கு இது ஒரு கெட்டிக்கார ஏற்பாடு. "அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தது தப்பில்லை அம்மா, கொடுக்காததுதான் தப்பு. நாம் எல்லாருமே தெரியாமல் செய்துவிட்டோம்" என்று எழுதினேன். "நாம் எல்லாருமே" என்பதைக் கவனியுங்கள். சொம்பைத் தட்டியது ஒரு கைதான்.

பதில் வர ஐந்து வாரம் ஆனது. கன்னியம்மாவின் குண்டு குண்டான எழுத்து. அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. மாடு கன்று போட்டிருக்கிறது. இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் கம்மி, வேடந்தாங்கலுக்குப் பட்சிகள் சரியாக வரவில்லையாம். செல்விக்குக் காது குத்தினாயா இல்லையா? குளிரில் தலைக்குக் குல்லாய் போட்டுக்கொள். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பித் திருப்பிப் படித்தேன். பிறகுதான் ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

"தம்பிக்கு, இது நானா எழுதறது. நீங்க எழுதன அந்த எடத்த அத்தைக்குப் படிக்கல. தாண்டிட்டேன். அன்னிக்கி மொதல்ல வோணாம்னு சொன்னது அவங்க வாயி. இந்த வயசுல அத அவங்க தலைமேல ஏத்த மனசு வரல. எனக்குப் பழகிப்போச்சு. நீங்க ஒருத்தரு எழுதனதே போதும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முந்தானில புழிஞ்சது ரெண்டு மொடக்குதான் இருக்கும். இன்னும் எவ்ளோ குடுத்திருந்தா அவரு பொழைச்சிருப்பாரு? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலா என்று கேட்டாள். அந்தக் கேள்வியையாவது தமிழில் கேட்டாள். பாதி நிறைந்த தம்ளர் ஒன்றை யாரும் சொல்லாமல் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

அவள் முன்பு கேட்டதற்கு அப்போது பதில் சொன்னேன். ஆமாம், பெரியப்பாவுக்குத் தாகம்.

இந்தக் குறிப்புகளை நான் எழுதுவதற்குக் காரணம் அண்ணி தாண்டிவிட்ட அந்த இடம்தான். இதை அனுப்பப்போகும் பத்திரிகை எங்கள் ஊர் முடிதிருத்தும் கடைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே சத்தமாகப் படிக்கிற வழக்கம் உண்டு என்பதும் தெரியும். படிக்கிறவர் யாராக இருந்தாலும் இதைத் தாண்டாமல் படியுங்கள். அன்று என் அம்மா வேண்டாம் என்றது ஊரே நம்பிய பேச்சு; மனம் கேட்காமல் கடைசியில் கொடுக்கலாமா என்றுதான் கேட்டாள். படித்தவன் என்று என்னைத்தான் கேட்டாள். வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னவன் நான். சொம்பைத் தட்டியவன் நான். தண்ணீர் கொடுத்ததால்தான் செத்தான் என்று வாய்விட்டு உறுதி செய்தவனும் நான்தான். அங்கே இருந்த அத்தனை பேரிலும் சரியானதைச் செய்த ஒரே ஆள் கன்னியம்மா. இனிமேல் பந்தியில் அவள் கையிலிருந்து செம்பை வாங்காதீர்கள். வயிற்றில் அடி, மயக்கம் என்றால் அது வேறு, அதை டாக்டரிடம் கேளுங்கள். நசுங்கிக் கிடப்பவன் நினைவோடு தண்ணீர் கேட்டால் என்னைப் போல ஒருத்தன் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா, உனக்கும் ஒரு வார்த்தை. முட்டிவலியோடு எழுந்திருக்காதே. அண்ணியைக் கேள், மொண்டு தருவாள்.

அண்ணி, நீங்கள் கேட்டதற்குப் பதில். எலிகளுக்கு எவ்வளவு என்று எங்களிடம் அளவு இருக்கிறது. அண்ணனுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, புரொபசருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதலில் அந்தச் சொம்பு முழுக்க. அதை நீங்கள் சிந்தாமல் கொண்டுவந்தீர்கள்.